விரைவும் தெளிவும்

உரைநடை உலகம்

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் பலர். எழுதுபவர் தம் பணி விரைவில் முடிய வேண்டும் என எண்ணுகிறார். படிப்பவரோ ஐயத்திற்கு இடமின்றிப் பொருள்கொள்ள விரும்புகிறார். ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் காணப்பட்ட இந்த இழுபறி, கணினிக்கு நிரல் எழுதும் இக்காலத்திலும் தொடர்கிறது. விரைவுக்காகத் தெளிவை எப்போது விட்டுக்கொடுக்கலாம்? எப்போது விட்டுக்கொடுக்கக் கூடாது? நாஞ்சில் நாட்டு ஓலையிலிருந்து தொடங்கி இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஓலை தந்த பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய வளமான நிலப்பகுதி நாஞ்சில் நாடு என வழங்கப்படுகிறது. நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். பழையாற்றின் நீர் பாய்ந்த இவ்வயல்கள் திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியமாக விளங்கின. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாட்டில் நிலம், விளைச்சல், வரி ஆகியவை பற்றிய செய்திகள் ஓலைகளில் எழுதிக் காக்கப்பட்டன. அழகியபாண்டியபுரத்தில் கிடைத்த முதலியார் ஓலைகள் அத்தகைய ஆவணங்களுள் புகழ்பெற்றவை. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ. கா. பெருமாள் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டுள்ளார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876 - 1954) கவிஞராக மட்டுமன்றி, இம்மண்ணின் கல்வெட்டுகளையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்த அறிஞராகவும் திகழ்ந்தார்.

பழைய ஓலையைப் படிப்பது எளிதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என இலக்கணம் வகுத்திருந்தும், ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். கை நின்று நின்று செல்வதால் வேகமும் குறையும். எகர, ஒகரக் குறில்களை நெடில்களிலிருந்து பிரித்துக் காட்டிய புள்ளியும் இவ்வாறே மறைந்தது. ரகரமும் ஆகார நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை.

இதன் விளைவை ஒரு சொல்லைக் கொண்டு அறியலாம். ‘செறு’ என்றால் வயல். ‘சேறு’ என்றால் குழைந்த மண். புள்ளியில்லாத ஓலையில் இவ்விரண்டும் ஒரே வடிவில் நிற்கும். எழுதியவருக்கு எது வயல், எது சேறு என்பதில் ஐயமே இல்லை. அவ்வூரில் வாழ்ந்து, அந்நிலத்தை அறிந்த கணக்கருக்கும் ஐயம் எழாது. ஆனால், பல தலைமுறை கடந்து அதே ஓலையை எடுத்துப் படிப்பவர், முன்னும் பின்னும் உள்ள சொற்களை ஆராய்ந்தே முடிவுக்கு வர இயலும். எழுதியவர் ஒரு நொடியைச் சேமித்தார். அதற்கான விலையைப் படிப்பவர் பல மணி நேரமாகச் செலுத்துகிறார்.

பிற்காலத்தில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தினார். அச்சுக்கலை பரவியபின் புள்ளியும் சொல் இடைவெளியும் நிலைபெற்றன. எழுதுவதற்குச் சிறிது கூடுதல் உழைப்பு வேண்டியிருந்தாலும், படிப்பது பன்மடங்கு எளிதாயிற்று.

பகுப்பி என்பது யாது?

இனி, அந்த ஓலைகளைக் கணினியில் ஏற்றும் பணியை எண்ணிப் பார்ப்போம். அறிஞர் ஒருவர் ஓலையைப் படித்து, இன்றைய எழுத்தில் பெயர்த்துத் தருகிறார். நாகர்கோவிலில் பயிலும் மாணவி ஒருத்தி அதனை அட்டவணையாக்க முனைகிறாள் எனக் கொள்வோம். அவள்முன் உள்ள வரிகளுள் ஒன்று இவ்வாறு அமைந்திருக்கலாம்:

கொல்லம் ௲௭௰௫ கன்னிப்பூ நெல் கோட்டை ௰௨ மரக்கால் ௪

மனிதர் இவ்வரியைப் பார்த்தவுடன் பொருள்கொள்வர். கணினிக்கு இது வெறும் குறிகளின் வரிசை. இவ்வரிசையைப் பிரித்து, கொல்லம் ஆண்டு 1075, பருவம் கன்னிப்பூ, பொருள் நெல், அளவு 12 கோட்டை 4 மரக்கால் எனக் கூறு கூறாகத் தரும் நிரலே உரைப்பகுப்பி எனப்படும். சுருக்கமாகப் பகுப்பி எனலாம்.

நாம் இலக்கண வகுப்பில் செய்வதும் இத்தகைய பணியே. ‘செய்தான்’ என்னும் சொல்லைச் செய் + த் + ஆன் எனப் பிரித்து, பகுதி, இடைநிலை, விகுதி எனப் பெயரிடுகிறோம். பகுபத உறுப்பிலக்கணம் சொல்லைப் பிரிக்கும் விதிகளைத் தருகிறது. பகுப்பி, தனக்குத் தரப்பட்ட விதிகளைக் கொண்டு உரையைப் பிரிக்கிறது.

மேற்காட்டிய வரியில் உள்ள எண்களைப் படிக்கவே தனி விதி வேண்டும். பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகிய குறிகளுக்கு முன் ஓர் இலக்கம் இருந்தால் பெருக்க வேண்டும்; இல்லையெனில் குறியின் மதிப்பை அப்படியே கொள்ள வேண்டும்; பின்னர் அனைத்தையும் கூட்ட வேண்டும். எனவே, ௲௭௰௫ என்பது 1000 + 7 × 10 + 5 = 1075 ஆகிறது. இவ்விதியைத் தவறாக எழுதினால், நூறாண்டுக் கணக்கு முழுவதும் பிழைபடும்.

எழுத்தை எண்ணுதல்

எண்ணைவிட எழுத்து இன்னும் நுட்பமானது. ‘நாஞ்சில்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? நா, ஞ், சி, ல் என நான்கு என்பது நம் விடை. ஒருங்குறி முறையில் அச்சொல் ந, கால், ஞ, புள்ளி, ச, இகரக் குறி, ல, புள்ளி என எட்டுக் குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். எனவே, நான்கு எழுத்துகள் கொண்ட சொல், கணினிக்கு எட்டுக் குறியெண்களாகவும் 24 பைட்டுகளாகவும் தோன்றுகிறது.

ஆகவே, தமிழ் உரையைப் பகுக்கும் நிரல் எதுவாயினும் முதற்கண் எழுத்துகளைப் பிரிக்கக் கற்க வேண்டும். ஒரு மெய்க்குறியை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால், இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டும் என்பது அடிப்படை விதி. இவ்விதியை நிரலாக எழுதும் இடத்தில்தான் விரைவும் தெளிவும் எதிரெதிரே நிற்கின்றன.

இரு வழிகள்

முதல் வழியில், மாணவி ‘சார்ந்த குறிகள்’ எனப் பெயரிட்டு ஒரு பட்டியல் எழுதுகிறாள். ஆகாரம் முதல் ஔகாரம் வரையுள்ள பதினோர் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் வரிசையாக இடம்பெறுகின்றன. ‘எழுத்தைப் படி’, ‘எண்ணைப் படி’, ‘அளவைப் படி’, ‘வரியைப் படி’ என ஒவ்வொரு விதிக்கும் ஒரு தனிச் செயற்கூறு அமைக்கிறாள். தமிழ் அறிந்த எவரும் அந்நிரலைப் படித்து, எந்த விதி எங்கே இருக்கிறது எனச் சொல்லிவிடலாம். ஆனால், ஒவ்வொரு குறியையும் பட்டியலில் தேட, கணினி பன்னிரண்டு ஒப்பீடுகள் வரை செய்ய நேரலாம்.

இரண்டாம் வழியில் பட்டியலே இல்லை. ஒருங்குறியில் கால் என்னும் குறியின் எண் 3006. புள்ளியின் எண் 3021. பிற உயிர்க்குறிகள் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளன. எனவே, ‘குறியெண் 3006க்குக் குறையாமலும் 3021க்கு மிகாமலும் இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர்’ என ஒரே வரியில் எழுதிவிடலாம். பன்னிரண்டு ஒப்பீடுகள் இரண்டாகக் குறைகின்றன. இது திறமையான வழி; விரைவான வழியும்கூட.

ஆயினும், இதில் ஒரு குழி மறைந்திருக்கிறது. ஔகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியையும் ‘ஔகார நீட்டக் குறி’யையும் அடுத்தடுத்து இட்டு, இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அந்த நீட்டக் குறியின் எண் 3031. அது 3021க்கு அப்பால் இருப்பதால், விரைவான நிரல் அதனைத் தனி எழுத்தாகப் பிரித்துவிடும். ‘கௌ’ என்னும் ஓரெழுத்து இரண்டாக எண்ணப்படும்.

முதல் வழியில் இப்பிழை நேராது எனக் கூற இயலாது. மாணவியும் நீட்டக் குறியைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கலாம். வேறுபாடு பிழை நேர்வதில் இல்லை. பிழையைக் கண்டறிவதில் இருக்கிறது. பட்டியலைப் பார்க்கும் தமிழாசிரியர் ஒருவர், நிரலாக்கம் அறியாதவராயினும், விடுபட்ட குறியைச் சுட்டிக்காட்ட இயலும். 3006, 3021 என்னும் எண்களைப் பார்த்து எவராலும் அதனைச் சொல்ல இயலாது. புள்ளியில்லாத ‘செறு’வைப் போல, எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் நிரலாக அது நிற்கிறது. ஆறு திங்கள் கழிந்தால் எழுதியவருக்கும் அது விளங்காமற் போகலாம்.

தெரிந்து தெளிவோம்

ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கக் குறியும் ளகர எழுத்தும் வடிவில் ஒத்திருக்கின்றன. இதனால் ‘கௌரவம்’ என்பதைத் தட்டச்சு செய்வோர் சிலர் கெ, ள என இரண்டு எழுத்துகளை இட்டுவிடுகின்றனர். கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் இச்சொல்லைக் கணினி வேறு சொல்லாகவே கொள்ளும். தேடும்போது கிடைக்காது, அகரவரிசையிலும் இடம் மாறி நிற்கும்.

எழில் காட்டும் வழி

உரையைப் பகுக்கும் தேவை ஆவணங்களோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நிரல்மொழியை உருவாக்குவோரும் அம்மொழியில் எழுதப்படும் நிரல்களைப் பகுக்கப் பகுப்பி எழுத வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி இதற்கு நல்ல சான்று. தமிழ் மாணவர்கள் தாய்மொழியிலேயே நிரலாக்கத்தைத் தொடங்க வேண்டும் என்னும் நோக்கில் 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இம்முயற்சி, 2009ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பொதுவில் அறிவிக்கப்பட்டது. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ முதலிய தமிழ்ச் சொற்கள் அதன் ஏவல் சொற்கள்.

ஆங்கிலத்தை ஒட்டிய நிரல்மொழிகளில் நிபந்தனையை உணர்த்தும் சொல் முதலில் வரும். பகுப்பி அச்சொல்லைக் கண்டவுடன் அடுத்து வருவது நிபந்தனை என அறிந்துகொள்ளும். தமிழில் ‘மழை பெய்தால்’ என நிபந்தனை முன்னும் அதனை உணர்த்தும் உருபு பின்னுமாக அமைவது இயல்பு. எழிலும் அவ்வாறே நிபந்தனையை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல்லைப் பின்னும் வைக்கிறது. இதனால் ‘ஆனால்’ வரும்வரை பகுப்பி காத்திருக்க நேரும் அல்லவா? எழிலில் நிபந்தனைக்கு முன் ஒரு சிறு தனிக்குறி இடப்படுகிறது. அதனைக் கண்டவுடன் பகுப்பி தெளிவு பெறுகிறது. மெய்யெழுத்தின்மேல் இடும் புள்ளியைப் போல, ஒரு சிறு குறி படிப்போர் சுமையைக் குறைத்துவிடுகிறது.

எழில், பைத்தான் மொழியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. சி மொழியில் எழுதப்படும் நிரலோடு ஒப்பிடுகையில் பைத்தான் நிரல் பொதுவாக மெதுவாகவே இயங்கும். ஆனால், படிப்பதற்கும் திருத்துவதற்கும் எளியது. கற்கும் மாணவர் எழுதும் சிறு நிரல்களுக்கு அந்த வேகமே போதுமானது. பயன் யாருக்கு என்பதை அறிந்தால், எதனை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெளிவாகும்.

விரைவு எங்கே தேவை?

இதனால் விரைவு வேண்டாத ஒன்று எனக் கொள்ளலாகாது. ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். தெளிவான பகுப்பி ஒரு தொகுப்பைப் படிக்க 4 நொடி எடுப்பதாகவும், விரைவான பகுப்பி 1 நொடி எடுப்பதாகவும் கொள்வோம். மாணவி திங்களுக்கு ஒருமுறை அதனை இயக்கினால், விரைவான வழியில் அவள் ஓராண்டில் சேமிப்பது 36 நொடிகளே. அந்நிரலில் ஒரு பிழையைத் தேட ஒருநாள் செலவானால், அது பேரிழப்பு.

அதே பணி ஒரு பெரிய நூலகத்தின் தேடுபொறியில் நாள்தோறும் ஓர் இலட்சம் முறை நடைபெறுவதாகக் கொள்வோம். அங்கு ஒரு நாளில் மட்டும் மூன்று இலட்சம் நொடிகள், அதாவது 83 மணி நேரத்திற்கும் மேலான கணினி உழைப்பு மிச்சமாகும். மின்சாரமும் பொருளும் மிஞ்சும். தேடுவோரின் காத்திருப்பும் குறையும். இங்கு விரைவே அறிவுடைமை.

உலகளவில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இணையத்தில் கணினிகள் தமக்குள் தரவு பரிமாறப் பயன்படுத்தும் வடிவங்களுள் ஒன்று ஜேசான். அதனைப் பகுக்க ஜெஃப் லாங்டேல், டேனியல் லெமிர் ஆகியோர் உருவாக்கிய பகுப்பி, ஒரு நொடியில் பல நூறு கோடி பைட்டுகளைப் படிக்கவல்லது. அதுபற்றிய அவர்களது கட்டுரை 2019ஆம் ஆண்டு வெளியானது. அதன் உட்பகுதி எளிதில் விளங்கக்கூடியதன்று. ஆனால், அந்தக் கடினம் ஓரிடத்தில் அடைக்கப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் எழுத வேண்டிய வரிகள் எளியவை.

மந்தத்தின் உண்மைக் காரணம்

நிரல் மெதுவாக இயங்கினால், அதன் தெளிவே காரணம் எனப் பலர் கருதிவிடுகின்றனர். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். அடுத்த எழுத்தைப் படிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும், வரியின் தொடக்கத்திலிருந்தே மீண்டும் எண்ணிவரும் நிரலை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் எழுத்துகளைப் படிக்க அது 1 + 2 + 3 + … + 1000 என 5,00,500 படிகளைக் கடக்கும். நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் நிரலோ ஆயிரம் படிகளில் பணியை முடித்துவிடும். ஒவ்வொரு சாலுக்கும் வரப்பின் தொடக்கத்திற்கே வந்து அளந்து செல்லும் உழவர் எவரும் இலர். விட்ட இடத்திலிருந்தே ஏரைத் தொடர்வர்.

இந்தத் திருத்தத்தால் நிரல் ஐந்நூறு மடங்கு குறைவான படிகளில் முடிகிறது. தெளிவு சிறிதும் குறைவதில்லை. பன்னிரண்டு ஒப்பீடுகளை இரண்டாக்குவதால் கிடைப்பது இதன்முன் மிகச் சிறியது. கணினி அறிவியல் அறிஞர் டொனால்டு குனுத், 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், சிறுசிறு வேகங்களைத் தேடுவதைப் பெரும்பாலான இடங்களில் மறந்துவிடலாம் என்றும், உண்மையில் இன்றியமையாத மிகச் சில இடங்களில் மட்டும் அதனைக் கைவிடக் கூடாது என்றும் வலியுறுத்தினார். அச்சில இடங்கள் எவை என்பதை ஊகத்தால் அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

சமன் செய்யும் முறை

விரைவையும் தெளிவையும் ஒருங்கே பேண விரும்புவோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

முதலாவதாக, பகுப்பியைத் தெளிவாக எழுத வேண்டும். இலக்கண விதி ஒன்றுக்குச் செயற்கூறு ஒன்று என அமைந்தால், விதி மாறும்போது திருத்த வேண்டிய இடம் எளிதில் புலப்படும். ‘க்ஷ’வை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்னும் வினா நாளை எழுந்தால், ‘எழுத்தைப் படி’ என்னும் ஒரு செயற்கூற்றைத் திருத்தினால் போதும்.

இரண்டாவதாக, விடை தெரிந்த வரிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். ‘நாஞ்சில்’ நான்கு எழுத்து, ‘கௌ’ ஓரெழுத்து, ௲௭௰௫ என்பது 1075 என முன்பே எழுதிவைத்த விடைகளோடு நிரலின் விடைகளை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, காலத்தை அளக்க வேண்டும். எந்தச் செயற்கூறு மிகுதியான நேரத்தைக் கொள்கிறது எனக் காட்டும் கருவிகள் உள்ளன. அப்பகுதியை மட்டும் விரைவாக்கினால் போதும். ஏனையவற்றைத் தொட வேண்டுவதில்லை.

நான்காவதாக, விரைவாக்கிய பகுதியில் எண்களுக்குப் பெயரிட வேண்டும். 3006 என எழுதுவதற்குப் பதிலாக ‘முதற்குறி’ எனவும், 3021 என்பதற்குப் பதிலாக ‘இறுதிக்குறி’ எனவும் பெயரிடுவதால் வேகம் பெரும்பாலும் குறைவதில்லை. அந்த எல்லையை ஏன் தேர்ந்தோம், அதற்கு அப்பால் உள்ள குறியை எவ்வாறு கையாள்கிறோம் என்பதையும் அருகிலேயே குறித்துவைக்க வேண்டும்.

இறுதியாக, தெளிவான பழைய நிரலை அழித்துவிடக் கூடாது. ஒரே வரிகளைத் தெளிவான நிரலுக்கும் விரைவான நிரலுக்கும் தந்து, இரண்டின் விடைகளும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். வேறுபட்டால், ஒன்றில் பிழை இருப்பது உறுதி. அப்போது தெளிவான நிரல், விரைவான நிரலுக்குச் சான்றாளராக நின்று பிழையின் இடத்தைக் காட்டும்.

நமக்குப் பின் வருவோர்

ஓலையில் புள்ளியை விட்டவரைக் குறைகூற வேண்டுவதில்லை. அவர் கையில் இருந்தது மெல்லிய ஓலை. அவர் மனத்தில் இருந்தவர் அவ்வூர்க் கணக்கர். நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஆராய்ச்சியாளர் அதனைப் படிப்பார் என அவர் எண்ணியிருக்க இயலாது. நம் நிலை அத்தகையதன்று. நாம் எழுதும் நிரலை இன்னொருவர் படிப்பார், திருத்துவார், அதன்மேல் வேறொன்றைக் கட்டுவார் என்பதை நாம் முன்பே அறிவோம். கணினி எவ்வளவு கடினமான நிரலையும் சலிப்பின்றி இயக்கும். மனிதருக்கே தெளிவு தேவைப்படுகிறது. அளந்து அறிந்த இடத்தில் விரைவைத் தேடுவோம். ஏனைய இடங்களில் புள்ளியிட்டு எழுதுவோம்.

கற்பவை கற்றபின்...

1. உம் வீட்டில் அல்லது உறவினர் வீட்டில் உள்ள பழைய பத்திரம், கணக்கேடு, கடிதம் ஆகியவற்றுள் ஒன்றைப் படித்து, படிப்பதற்குக் கடினமாக இருந்த இடங்களையும் அதற்கான காரணங்களையும் பட்டியலிடுக.

2. உம் ஊரின் பெயரில் உள்ள எழுத்துகள், ஒருங்குறிக் குறியெண்கள், பைட்டுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வகுப்பறையில் ஒப்பிடுக.

3. ‘நிரலுக்குப் பெரிதும் வேண்டுவது விரைவே – தெளிவே’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘நாஞ்சில்’ என்னும் சொல்லில் உள்ள எழுத்துகள், ஒருங்குறிக் குறியெண்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை முறையே
அ) 4, 4 ஆ) 4, 8 இ) 8, 4 ஈ) 8, 24

2. ௲௭௰௫ என்னும் தமிழ் எண் குறிப்பது
அ) 175 ஆ) 1705 இ) 1075 ஈ) 1750

குறுவினா

1. பகுப்பி என்றால் என்ன?
2. ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டதற்கான காரணங்கள் யாவை?

சிறுவினா

1. ‘செறு’, ‘சேறு’ என்னும் சொற்களைக் கொண்டு பழைய எழுத்துமுறையின் இடர்ப்பாட்டை விளக்குக.
2. தெளிவான நிரலைச் ‘சான்றாளர்’ எனக் கட்டுரை குறிப்பிடுவது ஏன்?

நெடுவினா

1. பகுப்பி எழுதுகையில் விரைவையும் தெளிவையும் சமன் செய்யும் முறைகளைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விவரிக்க.